ஆறுதல் சொல்ல மாட்டேன்

"மேடம், எனக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

மதுரையில் உளவியல் சிகிச்சையாளராக வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. கேட்பவர் முகத்தைப் பார்த்தால், "ஒண்ணும் ஆகாதுப்பா, தைரியமா இரு" என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருக்கும். சொன்னால் அவரும் நிம்மதியாக எழுந்து போவார். நல்ல அம்மா என்று எனக்கும் பெயர் கிடைக்கும். நான் சொல்வதில்லை. "ஆயிரும்னு எதை வச்சு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். ஒரு நோட்டும் வாங்கி வரச் சொல்வேன். சிலர் அதோடு வரமாட்டார்கள். "அந்தம்மா கேள்வி மேல கேள்வி கேக்குது, வீட்டுப்பாடம் குடுக்குது, ஆறுதலா நாலு வார்த்தை கிடையாது" என்று, அனுப்பிவைத்த டாக்டரிடமே போய்ச் சொன்னவர்களும் உண்டு.

அவர்கள் சொன்னது உண்மைதான். சி.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் ஆறுதல் குறைவு, வேலை அதிகம். பதற்றம், மனச்சோர்வு, எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓ.சி.டி. போன்றவற்றுக்கு இதைப் போல விரிவாக ஆராயப்பட்ட பேச்சு சிகிச்சை வேறில்லை. ஆனால் நம் ஊரில் 'கவுன்சலிங்' என்றால், விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்துப் புத்தி சொல்வது என்றே நினைத்து வருகிறார்கள். எதிர்பார்த்தது கிடைக்காதபோது பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஆறுதலை ஏன் நாங்கள் கையிருப்பில் வைத்துக்கொள்வதில்லை என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நின்றிருக்க மாட்டார்கள்.

ஒருவரைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஜவுளிக்கடையில் வேலை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஒருநாள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு அடைத்திருக்கிறது. இறங்கி, ஆட்டோ பிடித்து, நேராக ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் சரியாக இருந்தன. "ஒண்ணும் இல்ல, கேஸ்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் நிம்மதி. பிறகு மறுபடி அதே படபடப்பு, வேறொரு ஆஸ்பத்திரி, இன்னொரு ஈ.சி.ஜி., அதே "ஒண்ணும் இல்ல". என்னிடம் வந்தபோது தோளில் ஒரு துணிப்பை. உள்ளே ஈ.சி.ஜி. தாள்கள், தண்ணீர் பாட்டில், ஜெலுசில், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அந்தப் பை இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை. பேருந்து ஏறுவதை அடியோடு விட்டாயிற்று. வேலைக்குத் தம்பி வண்டியில் கொண்டுபோய் விடுகிறான். கடையில் இருக்கும்போது மனைவி மணிக்கொரு தரம் போன் செய்து, "நல்லாத்தான இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும்.

எத்தனை பேர் எத்தனை முறை "ஒண்ணும் இல்ல" என்று சொல்லியும் அவருக்கு ஏன் தீரவில்லை? இதற்குத் தெளிவான விளக்கம் தந்தவர் இங்கிலாந்தின் டேவிட் கிளார்க். 1986-இல் வந்த அவருடைய கட்டுரையின் சாரம் இதுதான்: உடம்பில் சாதாரணமாக ஒரு மாற்றம் வருகிறது. வெயிலாலோ காபியாலோ படியேறியதாலோ இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. அதை "ஹார்ட் அட்டாக்" என்று மனம் படிக்கிறது. பயம் வருகிறது. பயம் வந்தால் இதயம் இன்னும் வேகமாகத்தானே துடிக்கும்? அது, தான் நினைத்தது சரி என்பதற்கு ஆதாரமாகிவிடுகிறது. வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். இந்த வட்டத்துக்குள் ஆறுதல் நுழைந்தால் என்ன ஆகும்? அப்போதைக்கு பயம் இறங்கும். கூடவே, "நல்ல வேளை, கேட்டோம், நல்ல வேளை, பை இருந்தது" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். பிழைத்தது பையால் என்று ஆகிவிடுவதால், பை இல்லாமலும் பிழைத்திருப்போம் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வராது. ஆகவே அடுத்த முறையும் கேட்டாக வேண்டும், பையைத் தூக்கியாக வேண்டும்.

முதல் சந்திப்பில் நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். தைராய்டு பார்த்தீர்களா, ரத்தசோகை உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை காபி, என்ன மாத்திரை, குடி உண்டா, சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா. கடைசிக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் புதிதாக வந்துவிடாது. பிறகு ஒரு கேள்வித்தாள். மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9 என்று ஒன்று உண்டு: ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். பதற்றத்துக்கும் அதுபோல ஒன்று. சில வாரங்களுக்கு ஒருமுறை அதையே மறுபடி நிரப்பச் சொல்வோம். எண் இறங்குகிறதா என்று நோயாளியும் பார்ப்பார், நானும் பார்ப்பேன். இறங்கவில்லை என்றால் நான் பதில் சொல்ல வேண்டும். அடுத்ததாக ஜவுளிக்கடைக்காரரிடம், "என்ன செய்ய முடிஞ்சா சரியாயிருச்சுன்னு ஒத்துக்குவீங்க?" என்று கேட்டேன். "பயம் போகணும்" என்றார். அது பிடிபடாத இலக்கு. கொஞ்ச நேரம் பேசியபின், "தனியா பஸ்ல திருமங்கலம் போய் அக்காவைப் பாத்துட்டு வரணும்" என்றார். அதை எழுதிக்கொண்டோம்.

அடுத்த சந்திப்பில், மேலே சொன்ன வட்டத்தை அவர் வாயாலேயே சொல்லவைத்துத் தாளில் வரைந்தோம். அதற்குப் பிறகுதான் பலரும் திகைக்கும் கட்டம். எந்த உணர்வுக்கு அஞ்சுகிறாரோ அதை வேண்டுமென்றே வரவழைப்பது. ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு வாங்குவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, மாடிப்படியில் ஓடி ஏறி இறங்குவது. (இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதை அப்படியே செய்ய மாட்டோம். வீட்டில் தானாக முயலவும் வேண்டாம்.) தொடங்கும் முன் நோட்டில் எழுதச் சொன்னேன்: என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், எத்தனை சதவீதம்? "மயங்கி விழுந்துருவேன், 80" என்று எழுதினார். கூடவே நானும் மூச்சு வாங்கினேன். இருவருக்கும் தலை கிறுகிறுத்தது, உதடு மரத்தது. அவர் விழவில்லை. மயங்கி விழ ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பயத்தின்போது அது ஏறத்தான் செய்யும். இதை நான் முதலில் விளக்கிவிட்டு அப்புறம் செய்யவைத்திருந்தால் அதுவும் இன்னொரு "ஒண்ணும் இல்ல" ஆகியிருக்கும். அவரே பார்த்தபிறகு சொன்னேன். முகம் மலரும் என்று நினைத்தேன், எரிச்சல்தான் வந்தது. "அப்ப இத்தனை நாளா நான் சும்மாவா பயந்தேன்?" என்றார்.

பையைக் காலி செய்வதில் பெரிய பேரம் நடந்தது. ஜெலுசிலை முதலில் விட்டுக்கொடுத்தார். ஈ.சி.ஜி. தாள்களை அடுத்து. அந்த மாத்திரையை மட்டும் விடவே மாட்டேன் என்றார். விசாரித்தால், அது எந்த டாக்டரும் அவருக்கு எழுதிக்கொடுத்தது இல்லை, மாமனாருடையது! பிறகு பேருந்து. பெரியார் நிலையத்தில் முதல் தடவை நானும் ஏறினேன். அவர் பின்பக்கம், நான் பெண்கள் பக்கம். அடுத்தடுத்து அவரே தனியாக, கூட்டமில்லாத நேரத்தில் சில நிறுத்தங்கள், பிறகு கூட்ட நேரத்தில். நடுவே ஒருமுறை பாதி வழியில் இறங்கிவிட்டார். அடுத்த நாள் அதே பேருந்தில் ஏறச் சொன்னேன். பயம் உச்சத்துக்குப் போய்ச் சில நிமிடங்களில் தானே இறங்குவதை உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அதன் அளவு தெரியும். மனைவியை அழைத்து, போன் செய்வதை நிறுத்தச் சொன்னேன். அவருக்குக் கோபம். "புருஷனைப் பத்திக் கேக்கக்கூட கூடாதா?" கேட்கலாம்; சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் அவர் திருமங்கலம் போய்வந்தார். படபடப்பு இன்னும் எப்போதாவது வருகிறது. வந்தால் வருகிறது என்று நிற்கிறார்.

குடும்பத்தார் தரும் ஆறுதல் ஓ.சி.டி.யில் இதைவிடப் பெரிய தொல்லை. "கேஸ் சிலிண்டரை மூடிட்டேனா?" என்று மனைவி கேட்க, "மூடிட்டம்மா" என்று கணவர் ராத்திரியெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அவர் சொல்வது பாசத்தால். ஆனால் ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு விதை. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளுக்கு, அஞ்சும் பொருளைத் தொடவைத்து, கழுவுவது போன்ற சடங்குகளைச் செய்யவிடாமல் தடுத்துப் பார்த்தார். இன்றும் ஓ.சி.டி.க்கு நாங்கள் செய்யும் சிகிச்சையின் வேர் அதில்தான் இருக்கிறது. அதில் கணவருக்கும் வேலை உண்டு. "நீ கேக்குறது உன் நோய் கேக்குறது, நான் பதில் சொல்ல மாட்டேன்னு மேடம்கிட்ட ஒத்துக்கிட்டேன்" என்று சொல்லி அந்த வதையைச் சகித்துக்கொண்டு அவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வாரம் வீடே ரணகளமாகும். இதை நான் முன்பே சொல்லிவிடுவேன்.

இந்த வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர் ஆரோன் பெக். ஃபிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவர். ஃபிராய்டின் வழியில் பயின்றவர். மனச்சோர்வு உள்ளவர்களின் கனவுகளில் தங்கள் மீதே திரும்பிய கோபம் தென்படும் என்பது அந்தக் கோட்பாடு. அதை நிரூபிக்கப் போன பெக், கனவுகளில் இழப்பையும் தோல்வியையும்தான் கண்டார். அவருடைய நோயாளி ஒரு பெண், தன் அந்தரங்கக் கதைகளைச் சரளமாகச் சொல்லிக்கொண்டே பதறிக்கொண்டிருந்தார். கேட்டால், "உங்களுக்குச் சலிப்பூட்டுகிறேனோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாராம். பேசுகிற பேச்சுக்கு அடியில் இன்னொரு எண்ணம் தானாக ஓடிக்கொண்டே இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை, கேட்டால் நோயாளியே சொல்லிவிடுகிறார் என்று பெக் பிடித்துக்கொண்டார். தன் குருமார்களின் கோட்பாட்டைச் சோதித்துப் பார்த்து, சரியில்லை என்று கண்டதும் விட்டுவிட்டார் அவர். நூறு வயது வாழ்ந்து 2021-இல் காலமானார்.

அவர் பெயரைச் சொல்லி, "நல்லதையே நினை, நல்லதே நடக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருகிற சரக்குக்கும் சி.பி.டி.க்கும் சம்பந்தமில்லை. எண்ணத்தை ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எண்ணம் சரி என்றும் தெரியவரலாம். கடையில் வேலை போய்விடும் என்று பயந்தவருக்கு உண்மையிலேயே வேலை போகப்போகிறது என்றால், அடுத்து என்ன செய்வது என்று உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற கணவனோடு இருக்கும் பெண்ணிடம், "உன் சிந்தனையைத் திருத்திக்கொள்" என்று ஒரு சிகிச்சையாளர் சொன்னால் அது அயோக்கியத்தனம். அவருக்கு முதலில் தர வேண்டியது 181 என்ற பெண்கள் உதவி எண்.

மனச்சோர்வில் தொடக்கமே வேறு. "மனசு சரியானா எந்திரிச்சு வேலை பாப்பேன்" என்பார்கள். நாங்கள் தலைகீழாகத் தொடங்குவோம். மனசு அப்படியே இருக்கட்டும், காலையில் ஏழு மணிக்குப் பால் வாங்க நீங்களே போய் வாருங்கள். போகும் முன் மனநிலைக்கு எத்தனை மார்க், வந்தபின் எத்தனை என்று எழுதுங்கள். இவ்வளவுதானா என்று படித்தவர்கள் ஏமாந்துபோவார்கள். 1996-இல் சியாட்டிலில் நீல் ஜேகப்சன் குழுவினர், சி.பி.டி.யிலிருந்து இந்தச் செயல் பகுதியை மட்டும் தனியே எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முழு சிகிச்சைக்கு அது சளைக்கவில்லை. தூக்கமின்மைக்கு வருகிறவர்கள் இன்னும் அதிகமாக ஏமாறுவார்கள்: படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்வோம். "தூக்கம் வரலன்னு வந்தா, இருக்கிற தூக்கத்தையும் புடுங்குறீங்களே" என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் சி.பி.டி.யைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. காதில் குரல் கேட்பவருக்கும், இருமுனை நோயில் வெறி ஏறி இருப்பவருக்கும், சாப்பிடாமல் கொள்ளாமல் படுத்துவிட்டவருக்கும் முதலில் மனநல மருத்துவர் வேண்டும், மாத்திரை வேண்டும். எனக்கு மருந்து எழுதும் உரிமை கிடையாது, எழுதவும் கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை "சி.பி.டி. ஆரம்பிச்சிட்டேன்" என்று யாரும் தானாக நிறுத்தக் கூடாது; அதிலும் அல்பிரசோலம் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இங்கிலாந்தில் அரசு நடத்தும் பேச்சு சிகிச்சைத் திட்டத்தில், சிகிச்சையை முடிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நோயின் எல்லையைத் தாண்டி வெளியே வருகிறார்கள். மீதிப் பேரில் பலருக்கு ஓரளவு குறைகிறது. சிலருக்கு ஒன்றுமே நடப்பதில்லை.

இதெல்லாம் தெரிந்து வரும் நோயாளி என்னைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் ஆசை. எத்தனை சந்திப்பு ஆகும்? (பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பொதுவாக வாரம் ஒன்றாக 12 முதல் 16 வரை; ஒவ்வொன்றும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி.) எதை வைத்துக் குறைந்தது என்பீர்கள்? வாரத்துக்கு என்ன வேலை தருவீர்கள்? இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறீர்களா, எண் என்ன? கடைசிக் கேள்வியைக் கேட்க மரியாதை தடுக்கும், தடுக்க வேண்டாம். வாரக் கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஓராண்டாகப் போய்ப் பேசிவிட்டு வருகிறீர்கள், நெஞ்சு லேசாகிறது, வீட்டில் செய்ய எந்த வேலையும் தந்ததில்லை, நோய் அப்படியே இருக்கிறது என்றால், உங்களுக்குக் கிடைத்தது சி.பி.டி. கிடையாது. கொடுத்த காசுக்கு வேறு கேளுங்கள்.

காசு என்று வாயைத் திறந்துவிட்டதால் அதையும் சொல்லிவிட வேண்டும். என்னிடம் ஒரு சந்திப்புக்கு ஆயிரம் ரூபாய். ஜவுளிக்கடைச் சம்பளத்தில் வாரா வாரம் அதைத் தருவது எளிதா? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உடல் நோய்க்கு உள்ள காப்பீடு மன நோய்க்கும் வேண்டும் என்கிறது. ஆனால் நம் காப்பீடுகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும்; சி.பி.டி.க்கு யாரும் படுப்பதில்லை. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது; வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால், ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கச் சொல்ல எனக்கே வாய் வராது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், 2022-இலிருந்து இருக்கிறது. அவசரத்துக்கு நல்லது. பேருந்தில் கூட ஏறிவர அதனால் முடியாது.

ஆளில்லை என்பார்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர், உளவியல் படிக்காத உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, மேலே சொன்ன செயல்வழி முறையை 6 முதல் 8 சந்திப்புகளில் தரச் செய்தார்கள். 2017-இல் லான்செட் இதழில் வந்த முடிவு: மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு தணிந்திருந்தது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். அதற்கும் முன்பே, 2008-இல், பாகிஸ்தானின் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரப் பணிப்பெண்கள் சி.பி.டி. முறையைத் தாய்மார்களுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், அந்த உதவி பெற்றவர்களில் 23 சதவீதம் பேரிடம்தான் மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. பெறாதவர்களில் 53 சதவீதம்.

நம்மிடம் 2021-இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த வீட்டில் யார் எழுந்திருக்காமல் படுத்தே கிடக்கிறார்கள் என்பது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். பி.எச்.க்யூ-9-இன் ஒன்பது கேள்விகளைக் கேட்க ரத்த அழுத்தம் பார்க்கும் நேரம்தான் ஆகும். கோவாவில் கற்ற பாடம் இன்னொன்றும் உண்டு: பயிற்சி கொடுத்து விட்டுவிட்டால் அவர்களும் மெல்ல ஆறுதல் சொல்பவர்களாக மாறிவிடலாம் என்பதால், உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவர் வேலைக்கு மற்றவர் மதிப்பெண் போட்டார்கள். இங்கும் அப்படி மேற்பார்வை இருந்தால்தான் நடக்கும். தன்னார்வலர்களுக்கு இந்த வேலைக்குத் தனி ஊதியமும் தர வேண்டும். ஏற்கெனவே அவர்கள் வாங்குவது சொற்பம். ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். மதுரை என்றால் ஒலிப்பதிவுகளைக் கேட்க நான் வருகிறேன். என் ஊதியத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.